எலும்புத் தசையின் ஆற்றல் வளர்சிதை மாற்றமும் எல்லாப்பிரகட சுப்பாராவும்

எலும்புத் தசையின் ஆற்றல் வளர்சிதை மாற்றம் என்பது, உண்ட உணவிலுள்ள வேதியாற்றலைத் தசையானது நொதிகளின் துணையோடு இயக்கமாக மாற்றும் நிகழ்வுகளின் தொகுப்பாகும். நடத்தல், சுமை தூக்குதல், மலையேறுதல் ஆகிய அனைத்தும் இதன் வெளிப்பாடுகளே. இந்நிகழ்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிய அறிவியலுலகம் ஏறத்தாழ 200 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பமொன்றில் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948) இடம்பெறுகிறார். தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின், ஏடிபி எனப்படும் அடினோசின் டிரை பாஸ்பேட் ஆகிய இரு பொருள்களைக் கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர்.

மலையேற்றமும் ஒரு கேள்வியும்

பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், திண்டுக்கல் மாவட்டத்தில் அமைந்த மலையூர் பெரும்பாறை. காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவை இப்பகுதியின் விளைபொருள்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் செல்லும் மலைப்பாதை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. சாலை எட்டாத குடியிருப்புகளிலிருந்து விளைச்சலைத் தலைச்சுமையாகவும் குதிரைகள் மீதும் கொண்டுவந்து சேர்ப்பது இம்மலைகளில் நெடுங்கால வழக்கம்.

கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வந்தது 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான். அதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையேறியோ, டோலியில் அமர்ந்தோ மேலே சென்றனர். டோலியைத் தோளில் சுமந்தவர்கள் மலையடிவார மக்கள். அடிவாரத்திற்கும் கொடைக்கானலுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ 1,800 மீட்டர். கூழும் களியும் உண்டு அவ்வளவு உயரம் சுமையோடு ஏறியவர்களின் கால்களுக்கு ஆற்றல் எதிலிருந்து கிடைத்தது என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவின் தலைசிறந்த வேதியியலாளர்களே அதற்குத் தவறான விடையைத்தான் கூறிவந்தனர்.

தொடக்ககால ஆய்வுகள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், செகுவின் என்பவரோடு சேர்ந்து மனிதரின் சுவாசத்தை அளந்தார். உடலுழைப்பின்போது உடல் உட்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு கூடுகிறது என்பதை அவர்கள் காட்டினர். விறகு எரிவதும் உடல் உழைப்பதும் ஒரே வகை வேதிவினை என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. எரிபொருள் எது என்பது மட்டும் தெரியவில்லை.

1840களில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், தசை தன் சொந்தப் புரதத்தையே எரித்து வேலை செய்கிறது என்றார். தசை புரதத்தால் ஆனது. ஆகவே உழைப்பில் தேய்வதும் புரதமே என்பது அவருடைய வாதம். கடின உழைப்பாளிக்கு இறைச்சியே தேவை என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் வேரூன்ற இக்கொள்கையும் காரணமாயிற்று.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் சூரிச் நகரின் இரு பேராசிரியர்கள்: உடலியலாளர் அடால்ஃப் ஃபிக், வேதியியலாளர் யோகான்னஸ் விஸ்லிசெனுஸ். 1865 ஆகஸ்ட் மாதம் இருவரும் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலைமீது ஏறினர். முந்திய நாள் நண்பகல் முதல் புரதமில்லாத உணவையே உண்டனர். மாவு, கொழுப்பு, சர்க்கரை கலந்த அப்பமே முக்கிய ஆகாரம். ஏறும்போதும் ஏறிய பின்னரும் வெளியேறிய சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைட்ரஜனை அளந்தனர். புரதம் சிதைந்தால் நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறும் என்பதால், எவ்வளவு புரதம் எரிந்தது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம்.

கணக்கின் முடிவு தெளிவாக இருந்தது. ஃபிக்கின் எடை 66 கிலோகிராம். ஏறிய உயரம் 1,956 மீட்டர். உடலை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 300 கிலோகலோரி வேலை தேவை. அவர் உடலில் சிதைந்த புரதமோ சுமார் 37 கிராம். ஆங்கில வேதியியலாளர் ஃபிராங்க்லாந்து 1866இல் அளந்து கூறிய வெப்ப மதிப்பின்படி, அந்தப் புரதம் முழுவதும் எரிந்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 160 கிலோகலோரி. செய்த வேலையில் பாதி அளவே அது. எனவே மலையேற்றத்திற்கான ஆற்றலின் பெரும்பகுதி மாவுப்பொருளிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வந்தது என்பது உறுதியாயிற்று. ஃபவுல்ஹார்னில் ஏறிய உயரமும் பழைய கொடைக்கானல் ஏற்றமும் ஏறத்தாழ ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. கூழையும் களியையும் நம்பி மலையேறியவர்களின் அனுபவ அறிவு அறிவியலுக்கு முரணானதன்று என்பதை இச்சோதனை காட்டிவிட்டது.

லாக்டிக் அமிலக் கொள்கை

ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தசையில் லாக்டிக் அமிலம் இருப்பதைக் கண்டார். துரத்தி வேட்டையாடப்பட்ட மான்களின் தசையில் அது மிகுந்திருப்பதையும் குறிப்பிட்டார். தயிரைப் புளிக்கச் செய்யும் அமிலமும் இதுவே.

1877இல் ஜெர்மானிய உடலியலாளர் கூனே, வேதிவினைகளை விரைவுபடுத்தும் உயிர்ப்பொருள்களுக்கு ‘என்சைம்’ என்று பெயரிட்டார். தமிழில் இது நொதி எனப்படுகிறது. 1897இல் எடுவர்ட் புக்னர், உயிருள்ள ஈஸ்ட் செல்கள் இல்லாமலேயே அவற்றின் சாற்றைக் கொண்டு சர்க்கரையை நொதிக்கச் செய்தார். வளர்சிதை மாற்றம் உயிரின் மர்மச் செயலன்று. பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் ஆராயக்கூடிய நொதிகளின் வேலை என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. தசை ஆய்வுக்கும் இதுவே அடிப்படையாயிற்று.

1907இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சர், ஹாப்கின்ஸ் ஆகிய இருவரும் தவளைத் தசையை ஆராய்ந்தனர். ஆக்சிஜன் இன்றிச் சுருங்கும் தசையில் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. ஆக்சிஜன் கிடைத்ததும் அது குறைகிறது. இதைத் தொடர்ந்து ஏ. வி. ஹில் தசை வெளியிடும் வெப்பத்தையும், ஓட்டோ மேயர்ஹோஃப் அதன் வேதிமாற்றத்தையும் அளந்தனர். 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. தசையைச் சுருங்கச் செய்வதே லாக்டிக் அமிலந்தான் என்ற கருத்து பாடநூல்களில் இடம்பெற்றது.

பின்னர் இக்கருத்து தவறென்று தெரியவந்தது. அதற்கான முதல் தடயங்களுள் ஒன்று கிடைத்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வகத்தில்.

சென்னையில் சுப்பாராவ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில், தெலுங்குக் குடும்பமொன்றில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

காந்தியடிகளின் சுதேசி அறைகூவலை ஏற்று அவர் அறுவை அரங்கிலும் கதர் உடை அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்தியைத் தேடித்தந்தது. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் அவருக்கு முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அதனால் சென்னை மருத்துவப் பணியில் சேரும் வாய்ப்பு அடைபட்டது.

இக்காலத்தில் அவருடைய சகோதரர் இருவர் ‘ஸ்ப்ரூ’ என்னும் வெப்பமண்டலக் குடல்நோயால் குறுகிய காலத்திற்குள் இறந்தனர். சுப்பாராவும் அந்நோய்க்கு ஆளாகி, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் தேறினார். பிறகு சென்னையில் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 1920களின் தொடக்கத்தில், மாமனாரின் உதவியோடும் அறக்கட்டளை ஒன்றின் உதவி உறுதியோடும் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். பின்னர் அவர் தாயகம் திரும்பவே இல்லை.

நீல நிறமும் ஒரு தாமதமும்

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் பட்டயம் பெற்ற சுப்பாராவ், செலவுக்காக மருத்துவமனையில் இரவுநேர எடுபிடி வேலையும் செய்தார். பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் ஆய்வு மாணவரானார்.

குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை விரைவாக அளக்க ஒரு முறை தேவைப்பட்டது. இருவரும் உருவாக்கிய முறை 1925இல் வெளியானது. பாஸ்பேட்டோடு அமிலம் கலந்த மாலிப்டேட்டைச் சேர்த்து, ஒடுக்கும் பொருள் ஒன்றையும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலமும் அடர்த்தியாகும். நிறத்தின் செறிவை அளந்தால் பாஸ்பேட்டின் அளவு தெரிந்துவிடும். ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ எனப்படும் இது தமிழகக் கல்லூரிகளின் உயிர்வேதியியல் செய்முறை வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

இம்முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வழக்கமாகச் சில நிமிடங்களில் நிலைபெறும் நீல நிறம், தசைச் சாற்றில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே சென்றது. இதைச் செய்முறைப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. நிறம் தாமதமாகக் கூடுகிறது என்றால், தசையில் எளிதில் உடையும் பாஸ்பேட் சேர்மம் ஒன்று இருக்கவேண்டும். சோதனைக் குழாயின் அமிலமே அதைச் சிறிது சிறிதாக உடைத்துப் பாஸ்பேட்டை வெளிவிடவேண்டும் என்று முடிவு செய்தனர். அதுவரை தசையில் தனி பாஸ்பேட் என்று கருதி அளக்கப்பட்டதில் பெரும்பகுதி உண்மையில் இச்சேர்மத்திலிருந்து உடைந்து வந்ததே.

அச்சேர்மம் கிரியேட்டினும் பாஸ்பேட்டும் இணைந்த பாஸ்போகிரியேட்டின் என்பதை 1927இல் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அறிவித்தனர். தசை சுருங்கும்போது அது குறைகிறது; ஓய்வெடுக்கும்போது மீண்டும் உருவாகிறது. அதே ஆண்டில் இலண்டனில் பிலிப் எகிள்டன், கிரேஸ் எகிள்டன் இணையரும் இப்பொருளைத் தனியே கண்டு ‘பாஸ்பஜன்’ என்று பெயரிட்டனர். எனினும் அதன் வேதி இயல்பைக் கண்டறிந்து, தூய நிலையில் பிரித்தெடுத்தவர்கள் ஹார்வர்டு ஆய்வாளர்கள்.

1929இல் அவர்கள் தசையிலும் கல்லீரலிலும் உள்ள மற்றொரு பாஸ்பேட் சேர்மத்தை அறிவித்தனர். அதுவே அடினோசின் டிரை பாஸ்பேட். அதே ஆண்டில் ஜெர்மனியில் மேயர்ஹோஃபின் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் லோமனும் அதனைத் தனியே கண்டுபிடித்து வெளியிட்டார். ஏடிபியைச் சுப்பாராவ் ஒருவரே கண்டறிந்தார் என்று சில பதிவுகளில் எழுதப்படுவது சரியன்று. லோமன் மட்டுமே கண்டறிந்தார் என்று பல பாடநூல்கள் கூறுவதும் முழுமையானதன்று. இரு கண்டங்களில் ஒரே ஆண்டில் நிகழ்ந்த இணைக் கண்டுபிடிப்பு அது.

கொள்கை வீழ்ந்தது

1930இல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் செய்த சோதனை, லாக்டிக் அமிலக் கொள்கையை வீழ்த்தியது. அயோடோ அசெட்டிக் அமிலம் என்னும் நஞ்சு, லாக்டிக் அமிலம் உருவாகும் வழியிலுள்ள நொதி ஒன்றை முடக்கிவிடும். இந்நஞ்சு ஏறிய தசையில் லாக்டிக் அமிலம் சிறிதும் தோன்றவில்லை. ஆனாலும் தசை சில நேரம் சுருங்கி விரிந்தது. அதிலிருந்த பாஸ்போகிரியேட்டின் தீர்ந்தவுடன் விறைத்து நின்றுவிட்டது. தசையின் உடனடி ஆற்றல் பாஸ்பேட் சேர்மங்களிலேயே உள்ளது என்பது இதனால் உறுதிப்பட்டது. தம் கொள்கை தவறென்று ஒப்புக்கொண்ட ஹில், 1932இல் இம்மாற்றத்தைத் தசை உடலியலின் புரட்சி என்றே குறிப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். நோபல் பரிசு பெற்ற கருத்தையும் ஒரு சோதனை மாற்றிவிட முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1934இல் லோமன், பாஸ்போகிரியேட்டினிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ஏடிபியை மீண்டும் உருவாக்கும் வினையைக் கண்டார். இவ்வினையை நடத்தும் நொதி கிரியேட்டின் கைனேஸ். 1939இல் மாஸ்கோவில் எங்கெல்கார்ட், லியுபிமோவா இணையர் ஒரு புதுமையைக் கண்டறிந்தனர். தசையின் கட்டமைப்புப் புரதமான மயோசின்தான் ஏடிபியை உடைக்கும் நொதியாகவும் செயல்படுகிறது. தசையைப் பொறுத்தவரை இயந்திரமும் எரிபொருளைப் பயன்படுத்தும் நொதியும் ஒன்றே என்பது இதன் பொருள்.

எரிபொருளை உடைக்கும் வழிகளும் இக்காலத்தில் தெளிவாயின. கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதியைக் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் ஆராய்ந்து 1947இல் நோபல் பரிசு பெற்றனர். 1937இல் ஹான்ஸ் கிரெப்ஸ், ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றலை விடுவிக்கும் சுழற்சியை விளக்கினார். அதற்கு அவர் பயன்படுத்தியது புறாவின் நெஞ்சுத் தசை. பறப்பதற்காக ஓயாமல் உழைக்கும் தசை என்பதால் அதில் இச்சுழற்சியின் நொதிகள் மிகுதி.

மூன்று வழிகள்

இன்றைய புரிதலின்படி, தசைக்கு ஏடிபி மூன்று வழிகளில் கிடைக்கிறது.

முதலாவது, பாஸ்போகிரியேட்டின் வழி. மனித உடலில் எந்நேரமும் இருக்கும் ஏடிபியின் மொத்த அளவு 50 முதல் 100 கிராம் வரையே. முழு வேகத்தில் ஓடினால் தசையிலுள்ள ஏடிபி ஓரிரு வினாடிகளுக்கே போதும். பாஸ்போகிரியேட்டின் இதைப்போல ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு சேமிக்கப்பட்டுள்ளது. கிரியேட்டின் கைனேஸ் அதைக் கொண்டு ஏடிபியை உடனுக்குடன் நிரப்புகிறது. மூட்டையைத் தலைக்கு ஏற்றும் அந்தக் கணநேர வேலைக்கு உதவுவது இதுவே. மளிகைக் கடைக்காரரின் கல்லாவில் உள்ள சில்லறையோடு இதை ஒப்பிடலாம். உடனே எடுக்கலாம், விரைவில் தீரும்.

இரண்டாவது, ஆக்சிஜன் இல்லாத வழி. கிளைக்கோஜனும் குளுக்கோசும் உடைந்து லாக்டிக் அமிலம் வரை செல்கின்றன. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 2 ஏடிபி மட்டுமே கிடைக்கும். ஆனால் விரைவாகக் கிடைக்கும். இவ்வழியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முக்கிய நொதி பாஸ்போபிரக்டோகைனேஸ். தசையில் ஏடிபி நிறைந்திருந்தால் அது அடங்கிவிடும். ஏடிபி குறைந்தால் வேகமெடுக்கும்.

மூன்றாவது, மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜனோடு நடைபெறும் வழி. மாவுப்பொருள், கொழுப்பு இரண்டும் இங்கே முழுமையாக எரிகின்றன. பழைய பாடநூல்களில் ஒரு குளுக்கோசுக்கு 36 அல்லது 38 ஏடிபி என்று குறிப்பிடப்பட்டிருக்கும். இன்றைய கணக்கீடு 30 முதல் 32 வரை. மணிக்கணக்கில் நடக்கும் மலையேற்றம் பெரிதும் இவ்வழியையே நம்பியுள்ளது.

தசை இழைகளிலும் இந்த வேறுபாடு உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகள் சிவந்தவை. அவற்றில் மைட்டோகாண்டிரியாவும் அதன் நொதிகளும் மிகுதி. விரைவாகச் சுருங்கி விரைவில் களைக்கும் இழைகள் வெளிறியவை. கோழியின் தொடைக்கறி சிவந்தும் நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பதற்குக் காரணம் இதுவே. மனிதத் தசையில் இரு வகை இழைகளும் கலந்துள்ளன.

மனிதத் தசைக்குள் ஊசி

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் தவளை, பூனை, புறா ஆகியவற்றின் தசையில் நடந்தவை. மனிதத் தசையில் நொதி ஒன்று இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 1951இல் இலண்டன் மருத்துவர் பிரையன் மக்ஆர்டில் எழுதினார். சிறு வேலைக்கே தசை வலித்து இறுகிப்போகும் ஒருவரின் குருதியில், உழைத்த பிறகும் லாக்டிக் அமிலம் கூடவில்லை. அத்தகைய நோயாளிகளின் தசையில் பாஸ்பாரிலேஸ் நொதி இல்லை என்பது 1959இல் தெரியவந்தது. கிளைக்கோஜன் நிறைந்திருந்தும் அதை உடைக்க நொதி இல்லை; பூட்டிய குதிருக்குள் நெல் இருப்பது போன்றது இது.

1962இல் ஸ்வீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ராம், மயக்க மருந்தின்றித் தோலை மட்டும் மரக்கச் செய்து, தடித்த ஊசியால் தொடைத் தசையின் சிறு துணுக்கை எடுக்கும் முறையைப் பரவலாக்கினார். 1966இல் அவரும் எரிக் ஹல்ட்மனும் தம் உடலிலேயே ஒரு சோதனை செய்தனர். ஒரே உடற்பயிற்சி மிதிவண்டியில் ஒருபுறமும் மறுபுறமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தனர். உழைத்த காலில் கிளைக்கோஜன் ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. ஓய்ந்திருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த நாள்களில் மாவுணவு உண்டபோது, உழைத்த காலில் மட்டும் கிளைக்கோஜன் இயல்பைவிட ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியது. இருவரும் தம் கால்களையே ஒப்பிட்டதால், உணவு, குருதி, உறக்கம் எல்லாம் இரு கால்களுக்கும் ஒன்றே. மாற்றம் உழைத்த தசைக்குள்ளேயே நிகழ்ந்தது என்பதில் ஐயமே எழவில்லை. உழைப்பு அத்தசையின் கிளைக்கோஜன் உருவாக்கும் திறனையே தூண்டிவிடுகிறது.

1967இல் அமெரிக்காவின் ஜான் ஹாலோசி, தொடர்ந்து ஓடப் பயிற்றுவித்த எலிகளின் தசையில் மைட்டோகாண்டிரியாவின் நொதிச் செயல்பாடு ஏறத்தாழ இரு மடங்காவதைக் காட்டினார். 1970களில் ஃபில் கோல்னிக், பெங்ட் சால்ட்டின் முதலியோர் மனிதத் தசையிலும் இவ்வகை மாற்றம் நிகழ்வதை அளந்தனர். சில வாரப் பயிற்சியில் கூடும் இந்நொதிகள், பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே குறைந்தும் விடுகின்றன.

மலையில் இக்கல்வியின் பயன்

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 20 கிலோகிராம் சுமையோடு 1,000 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். தூக்கும் வேலை ஏறத்தாழ 187 கிலோகலோரி. தசையின் திறன் சுமார் 25 விழுக்காடே என்பதால், உடல் செலவிடுவது ஏறத்தாழ 750 கிலோகலோரி. எஞ்சியது வெப்பமாகிறது, குளிர்ந்த மலையிலும் ஏறுபவருக்கு வியர்ப்பது இதனாலேயே. சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு வருபவர் தொடக்கத்தில் எளிதில் மூச்சிரைப்பதற்கும் விளக்கம் உண்டு. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 78 விழுக்காடே. மூன்றாம் வழிக்குத் தேவையான ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவாகக் கிடைக்கிறது.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் தொடை வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. லாக்டிக் அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் குருதியிலிருந்து நீங்கிவிடும். இதயமும் கல்லீரலும் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கவேண்டியிருப்பதால் நுண்ணிழைகள் சேதமடைகின்றன; மறுநாள் வலி அதனால் வருவது. அப்போது தசையிலிருந்து கிரியேட்டின் கைனேஸ் குருதியில் கசிகிறது. மருத்துவமனைகளில் ‘சி.பி.கே.’ என்ற பெயரில் செய்யப்படும் குருதிச் சோதனை இந்நொதியையே அளக்கிறது. 1959இல் ஜப்பானில், தசைச் சிதைவு நோயாளிகளின் குருதியில் இது மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. நடை தடுமாறும், மாடிப்படி ஏற முடியாத சிறுவர்களுக்கு மருத்துவர்கள் முதலில் செய்யச் சொல்லும் சோதனைகளுள் இன்றும் இது ஒன்று.

உடற்பயிற்சிக் கூடங்களில் கிரியேட்டின் மாவு இன்று பரவலாக உண்ணப்படுகிறது. வாய்வழி உண்ணும் கிரியேட்டின் தசையில் சேர்கிறது என்பது 1992இல் காட்டப்பட்டது. குறுகிய நேரக் கடும் உழைப்புக்கு அது ஓரளவு உதவும். நீண்ட மலையேற்றத்திற்குப் பெரிதாக உதவாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதை உண்ணக்கூடாது. மாவு விற்கும் பெட்டியில் காணப்படாத பெயர் ஒன்று உண்டென்றால், அது சுப்பாராவின் பெயர்.

சுப்பாராவின் பிற்காலம்

1930இல் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, பின் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அதற்கு எதிராகச் செயல்படும் அமினோப்டெரின் என்ற மருந்தைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்கு வழங்கியது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு மருந்தால் தற்காலிகமாகவேனும் குணம் தெரிந்தது அப்போதுதான். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அங்கேயே உருவாயிற்று. தமிழகத்தில் அந்நோயை ஒழிக்க வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரை இதுதான். அவருடைய மேற்பார்வையில் பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். அவர் பெயரால் ஒரு பூஞ்சைப் பேரினம் ‘சுப்பாரோமைசெஸ்’ என வழங்கப்படுகிறது. பிறந்த நூற்றாண்டான 1995இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

மதிப்பீடு

தசை ஆற்றல் ஆய்வுக்காகவும் அதைச் சார்ந்த துறைகளுக்காகவும் பலர் நோபல் பரிசு பெற்றுள்ளனர். ஃபிஸ்க்குக்கும் சுப்பாராவுக்கும் அது கிடைக்கவில்லை. பாஸ்போகிரியேட்டினைக் கண்ட இருவருள் யார் பங்கு பெரிது என்பது பற்றிக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. சுப்பாராவ் தம் பங்கை முன்னிறுத்திப் பேசியவர் அல்லர். ஆயினும் சில செய்திகள் ஆவணத்தில் தெளிவாக உள்ளன. 1925, 1927, 1929 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகளிலும் அவர் பெயர் உண்டு. மெட்ரிகுலேசனில் இருமுறை தோற்ற, கதர் அணிந்ததால் முழுப் பட்டம் மறுக்கப்பட்ட மாணவர் அவர்.

வெப்பமண்டல ஸ்ப்ரூ நோய்க்கு இன்று வழங்கப்படும் முதன்மை மருந்துகள் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் ஆகும். இரண்டின் வழித்தடமும் சுப்பாராவ் தலைமை வகித்த ஆய்வகத்தின் வழியாகவே செல்கிறது. அவருடைய சகோதரர் இருவரைக் கொண்டுசென்றதும் அதே நோய்தான்.